மறுவாழ்வு இல்லத்திலிருந்து வீடு திரும்புகிறவருக்குக் குடும்பம் எப்படித் துணை நிற்கலாம்?

குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையான ஒருவர் சிகிச்சைக்குச் சம்மதித்துவிட்டால், பெரிய பாரம் இறங்கியதுபோல் குடும்பம் உணர்கிறது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து, முகம் தெளிந்து, உடம்பு தேறி அவர் வீடு திரும்பும்போது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். ஆனால், பாதிக் கிணற்றைத் தாண்டியவர் மீதிக் கிணற்றையும் தாண்டியாக வேண்டும். அந்த மீதித் தூரம் மருத்துவமனையில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது.

மறுவாழ்வு இல்லத்தில் சம்சு விற்கும் கடை இல்லை. பழைய கூட்டாளிகள் இல்லை. கடன்காரர் வந்து கதவைத் தட்டுவதில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே இவை எல்லாம் அவர் எதிரே வந்து நிற்கின்றன. சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில்தான் மிகப் பலர் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். அந்த மாதங்களில் மனைவி, பெற்றோர், அண்ணன் தம்பி, அக்கம் பக்கத்தார், கோயில் நிர்வாகத்தினர் ஆகியோர் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

மன உறுதி மட்டும் போதாதா?

"மனசு வெச்சா விட்டுடலாம்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. மன உறுதி தேவைதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் குடித்தவரின் மூளை, மது இருக்கும் நிலையையே இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கும். மதுவை நிறுத்தியபின் தூக்கம், பசி, கோபம், மகிழ்ச்சி எல்லாமே தடம் மாறிப்போகும். அவை சீராகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை குடிக்கும் ஆசை திடீர் திடீரென எழும்பும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அது தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தைக் கடக்க யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 40 முதல் 60 பேர் வரை மீண்டும் பழக்கத்தில் விழுவதாக அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் பழக்க ஆய்வு நிலையம் கூறுகிறது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளுக்கு நோய் மீண்டும் முற்றுவதும் இதை ஒட்டிய அளவில்தான் நடக்கிறது. இரத்த அழுத்தம் மறுபடியும் கூடினால் நாம் நோயாளியைத் திட்டி வெளியே அனுப்புவதில்லை, மருந்தை மாற்றக் கேட்டு டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். குடியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நம் சமூகத்துக்கு இந்தப் பிரச்சினை புதியதல்ல. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலம் ஒன்று உண்டு. 1940களின் பிற்பகுதியில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கு எதிராகத் திரண்டு போராடியது நம் வரலாறு. இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. கள்ளுக்கடை போய், மலிவு விலைச் சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம்.

குடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் நோய்

குடிப்பவர் எல்லாரும் கும்மாளத்துக்காகக் குடிப்பதில்லை. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, விபத்திலோ வேலையிழப்பிலோ ஏற்பட்ட அதிர்ச்சி ஆகியவற்றைத் தாங்க முடியாமல் குடிக்கத் தொடங்கியவர்கள் பலர். குடித்தால் அன்றைக்குத் தூக்கம் வரும். ஆனால் அது அரைகுறைத் தூக்கம். நாளாக நாளாக மதுவே மனச்சோர்வைக் கூட்டும். நோய்க்காகக் குடிப்பதும், குடியால் நோய் முற்றுவதும் ஒன்றையொன்று வளர்க்கும்.

சுகாதார அமைச்சின் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 10 லட்சம் பேர், மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். 2019 ஆய்வில் இது 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரண்டு மடங்கு. இவர்களில் நம் வீட்டாரும் இருக்கிறார்கள்.

குடியை நிறுத்திய முதல் சில வாரங்களில் மனம் சோர்ந்திருப்பது இயல்பு. மூன்று, நான்கு வாரங்களில் அது குறைய வேண்டும். அதற்குப் பிறகும் அவர் எதிலும் நாட்டமின்றி, சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால், மனச்சோர்வு நோய் தனியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். குடிக்கு மட்டும் சிகிச்சை தந்து இதை விட்டுவிட்டால் குடி திரும்பி வரும்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்றெல்லாம் ஒருவர் சொன்னால், செய்வினை என்றும் காத்துக் கருப்பு என்றும் நினைத்துக் கோயில் கோயிலாக அலையும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வேண்டுதலும் பூசையும் குடும்பத்துக்கு ஆறுதல் தரும், அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காக டாக்டரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. "மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி வேலை செய்யும்" என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

சட்டென்று நிறுத்துவது ஆபத்து

பலர் அறியாத ஒன்று உண்டு. தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். வீட்டு அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்ப்பது மிகத் தவறு.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். இந்த நிலையில் உடனே 999க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சிகிச்சை கிடைக்காவிட்டால் மரணம்கூட நேரலாம்.

முன்பு நிறுத்தும்போது வலிப்பு வந்தவர்கள், காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தைப் போக்கக் குடிப்பவர்கள், வேறு நோய் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவமனையில் இருந்துதான் நிறுத்த வேண்டும். அங்கே நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தும் வைட்டமின் பி1ம் கொடுப்பார்கள். சாப்பாட்டை விட்டுக் குடித்தே வந்தவர்களுக்கு பி1 குறைந்து மூளை பாதிக்கப்படலாம் என்பதால் இது முக்கியம்.

வீட்டில் முதல் 3 மாதங்கள்

முதலில் வீட்டிலுள்ள மதுவை அகற்றுங்கள். "அவர்தான் குடிக்கக் கூடாது, நாங்கள் குடிக்கலாமே" என்று தம்பியோ மாமாவோ சொன்னால், சில மாதங்களுக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மாலை நேரம். வேலை முடிந்து 5 மணியிலிருந்து இரவு சாப்பாடு வரை உள்ள நேரத்தில்தான் பலர் குடிக்கப் பழகியிருப்பார்கள். அந்த நேரத்தைக் காலியாக விடாதீர்கள். பிள்ளையைத் துணைக்கு அனுப்பிப் பசாருக்குப் போய்வரலாம், நடக்கப் போகலாம், திடலில் பூப்பந்து ஆடலாம், கோயிலுக்குப் போகலாம். பசியோடு இருக்கும்போது குடிக்கும் ஆசை அதிகம் எழும். ஆகவே வேலையிலிருந்து வந்ததும் டீயும் பலகாரமும் கையில் கொடுப்பதுகூட உதவியே.

மூன்றாவது, பணம். சம்பள நாள் ஆபத்தான நாள். அவர் சம்மதத்தோடு, சம்பளம் மனைவி அல்லது தாயார் கணக்கில் சேரும்படியோ, அன்றே வீட்டுச் செலவுக்கும் கடனுக்கும் பிரித்துக் கட்டும்படியோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சட்டைப் பையைத் துழாவிப் பறிப்பது வேறு, இருவரும் பேசி முடிவெடுப்பது வேறு.

நான்காவது, விசேஷங்கள். தீபாவளி, கல்யாண விருந்து, துக்க வீடு மூன்றிலும் நம்மவரிடையே மது புழங்குகிறது. முதல் சில மாதங்களுக்கு விருந்துக்கு முன்பாகவே போய்த் தலையைக் காட்டிவிட்டு, பாட்டில் திறக்கும் முன் கிளம்பிவிடலாம். துக்க வீட்டில் இரவு தங்குவதைத் தவிர்க்கலாம். "ஒரு கிளாஸ்தானே மச்சான்" என்று வற்புறுத்துபவரிடம் "டாக்டர் மருந்து கொடுத்திருக்கார், கூடாது" என்று சொல்லும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் அவருக்குச் சங்கடம் குறையும்.

பேசும் விதம்

சந்தேகம் குடும்பத்துக்கு இருக்கும். பல முறை ஏமாந்தவர்கள் அல்லவா? ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பதும், "எங்கே போயிட்டு வர்றீங்க?" என்று விசாரணை செய்வதும் அவரை விரட்டும். "என்னங்க, முகமே வாடியிருக்கு. வேலையில ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய கதையை எடுத்து, "உங்களால என் நகையெல்லாம் போச்சு" என்று தினமும் குத்திக்காட்டினால், அவர் குற்ற உணர்வைத் தாங்க முடியாமல் மறுபடியும் குடிக்கத்தான் போவார். அந்தக் கோபம் நியாயமானதே. அதைப் பேசுவதற்கு ஆலோசகர் முன்னிலையில் ஒரு நேரம் ஒதுக்கலாம்.

நல்லது நடக்கும்போது சொல்லுங்கள். "இன்னிக்கு அப்பா எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனார்" என்று பிள்ளை சொல்வதை அவர் காதில் விழ விடுங்கள். குடிக்காத நாளில் வீடு இதமாக இருக்க வேண்டும். குடித்து வந்த நாளில் கத்தலும் அழுகையும் பயன் தராது. போதையில் இருப்பவரிடம் எதுவும் பேசாமல், மறுநாள் காலை தெளிந்தபின் பேசுவதே நல்லது.

"செத்துப் போயிட்டா நல்லா இருக்கும்" என்று அவர் சொன்னால் அதை மிரட்டலாக எண்ணி ஒதுக்காதீர்கள். "உயிரை விட்டுடணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாறாக, மனத்தில் இருப்பதைச் சொல்ல அவருக்கு வழி கிடைக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துகளையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த காலம் முடிந்துவிட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டது.

மறுபடியும் சறுக்கினால்

ஒரு நாள் குடித்துவிட்டால், "எல்லாம் வீணாப்போச்சு" என்று அவரும் நினைப்பார், நாமும் நினைப்போம். அப்படி நினைப்பதால்தான் ஒரு நாள் குடி ஒரு மாதக் குடியாகிறது. 100 நாள் குடிக்காமல் இருந்தவர் ஒரு நாள் குடித்தால், அந்த 100 நாளில் அவர் கற்றது எங்கும் போகவில்லை. எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் குடித்தார் என்று அமைதியாகக் கேட்டு, அந்த வாரத்திலேயே ஆலோசகரையோ டாக்டரையோ பார்க்கச் செய்யுங்கள்.

ஹெராயின் போன்ற போதைப்பொருளை விட்டவர்களுக்கு இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. பல வாரங்கள் எடுக்காமல் இருந்த உடல், முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று இறக்க நேரும். அவர் மயங்கிக் கிடந்து, மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் தூங்கட்டும் என்று விடாமல் உடனே 999க்கு அழையுங்கள்.

உதவி எது, மூடி மறைப்பது எது?

குடித்துவிட்டு வேலைக்குப் போகாதவருக்காக, "அவருக்குக் காய்ச்சல்" என்று மேலாளருக்குப் போன் போடுவதும், கந்துவட்டிக் கடனை மறுபடியும் மறுபடியும் அடைப்பதும் பாசத்தால் செய்பவையே. ஆனால் குடியின் விளைவு அவரைத் தொடாமல் போவதால், நிறுத்த வேண்டிய காரணம் அவருக்குத் தெரியாமலே போகிறது. சாப்பாடு, மருத்துவச் செலவு, டாக்டரிடம் துணைக்குப் போவது எல்லாம் செய்யுங்கள். குடிக்கக் காசும், குடியை மறைக்கப் பொய்யும் வேண்டாம்.

அடி உதை இருந்தால் கதை வேறு. மனைவியும் பிள்ளைகளும் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை பெறலாம். "சிகிச்சை எடுக்கிற மனுஷனைப் போலீசில் சொல்லலாமா?" என்று உறவினர் கேட்பார்கள். நோய் இருப்பது அடிப்பதற்கு அனுமதி ஆகாது.

வீட்டில் பார்த்துக்கொள்பவரும் மனுஷிதான். பல ஆண்டுகள் பயத்தில் தூங்காத மனைவிக்கும் தாய்க்கும் மனச்சோர்வு வருகிறது. அவர்களும் கிளினிக்குக்குச் சென்று தங்கள் நிலையைச் சொல்ல வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற ஆதரவுக் குழு உள்ளது. பிள்ளைகளிடம், "அப்பாவுக்கு ஒரு நோய், அதுக்கு மருந்து சாப்பிடுறார். அது உன்னால வந்ததில்ல" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தன்னால்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

மாத்திரை பற்றிய பயம்

மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்ட மறுநாளே வேலை செய்யாது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். "பத்து நாளா சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகல" என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். நன்றாகிவிட்டது என்று தாமாகவே நிறுத்துவதும் தவறு. குணமான பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதானால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். தினமும் மாத்திரை சாப்பிட மறக்கிற மனநோயாளிகள் சிலருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசி உள்ளது.

குடி ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் சிகிச்சை நம் நாட்டில் 2005 முதல் கொடுக்கப்படுகிறது. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்டு அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். மருத்துவர் கண்காணிப்பில் அளவாகக் கொடுக்கப்படும் அந்த மருந்தால் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

எங்கே போவது?

குடிப்பழக்கமோ மனச்சோர்வோ, முதலில் போக வேண்டிய இடம் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் 5 ரிங்கிட். பணம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் மெந்தாரி எனும் சமூக மனநல மையங்கள், நோயிலிருந்து மீள்பவர் வேலைக்குத் திரும்பவும் உதவுகின்றன. போதைப்பொருள் பழக்கத்துக்குத் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேயின் மையங்களுக்குத் தாமாகவே முன்வந்து செல்லலாம்.

மனநல நெருக்கடிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. மனம் விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். குடும்ப வன்முறைக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் தாலியான் காசே 15999.

வேலை செய்பவர் மருத்துவ விடுப்பை மறைக்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மனநலப் பிரிவில் சேர்ந்தாலும் அது மருத்துவமனைச் சிகிச்சைதான். நீண்டகால மனநோய் உள்ளவர்கள், மனநல மருத்துவர் சான்றளித்தால், சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்துகொண்டு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

அக்கம் பக்கமும் கோயிலும்

லயமானாலும் அடுக்குமாடியானாலும், ஒருவர் மறுவாழ்வு இல்லத்துக்குப் போய் வந்தது எல்லாருக்கும் தெரிந்துவிடும். "தண்ணி வண்டி வருது" என்ற கேலி அவர் காதில் விழும். பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். குடியை விட்டவரை இப்படிப் பேசினால், விட்டதால் தனக்கு என்ன லாபம் என்று அவருக்குத் தோன்றும்.

இதில் கோயில் நிர்வாகங்களால் பெரிய உதவி செய்ய முடியும். அன்னதானச் சமையல், திருவிழாப் பந்தல், வெள்ளிக்கிழமை துப்புரவு என்று அவரை வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் பணப் பொறுப்பு மட்டும் வேண்டாம். திருவிழா முடிந்த இரவு தொண்டர்களுக்கு மது வாங்கித் தரும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை நிறுத்துங்கள். முதலாளிகளும் குத்தகைக்காரர்களும் மாதம் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போக அவருக்கு நேரம் விட்டுக் கொடுக்கலாம். அந்த ஒரு நாளைக் கொடுக்க மறுத்தால் சிகிச்சை நிற்கும், பிறகு ஆளே வேலைக்கு வரமாட்டார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், அடுத்த மருத்துவமனைத் தேதி என்றைக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவரோடு துணைக்குப் போக யாருக்கு முடியும் என்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.